மணிலாக் கடலையில் நச்சுப் பூஞ்சை: உயிரியல் முறைக்கு வேலூரில் வழி செய்ய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் மானாவாரியில் மணிலா, அதாவது நிலக்கடலை, பயிரிடுகிறேன். ஆடிப் பட்டத்தில் விதைத்து, கடைசி மாதம் மழையில்லாமல் காய்ந்து, ஐப்பசியில் பிடுங்கும் நேரத்தில் மழையில் நனைந்த காய்களைச் சென்ற ஆண்டு உடைத்துப் பார்த்தபோது, பல பருப்புகளின் முனையில் மஞ்சள் கலந்த பச்சைப் பொடி படிந்திருந்தது. வாங்க வந்த வியாபாரி விலையைக் குறைத்தாரே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை. விரலால் தேய்த்தால் பொடி போய்விடும். ஆனால் அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு பருப்புக்குள்ளேயே தங்கிவிடும், வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாக அழியாது. எண்ணெய் ஆட்டிய பின் நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் நிற்கிறது. அதைத் தின்னும் மாட்டின் பாலிலும் அதன் மாற்றுருவம் இறங்குகிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்ததற்குக் காரணம் கடலைப் பிண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சுதான். நாட்பட்ட அளவில் உடலில் சேர்ந்தால் மனிதருக்குக் கல்லீரல் புற்றுநோய் வரக்கூடும்.

இதற்கு வயலிலேயே தடை போடும் உயிரியல் முறை ஒன்று உண்டு. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் இதே பூஞ்சையில் நஞ்சு உண்டாக்கும் திறனில்லாத வகைகளும் மண்ணில் இயற்கையாக இருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து, முளைக்காதபடி செய்த சோளத்தின் மேல் பூசி, பயிர் நிற்கும் வயலில் ஈரம் இருக்கும்போது தூவினால், அவை முதலில் பெருகி இடத்தையும் உணவையும் பிடித்துக்கொள்ள, நச்சு வகை ஒதுங்கிப் போகிறது. நைஜீரியா, செனகல், கென்யா போன்ற நாடுகளில் மக்காச்சோளத்திலும் கடலையிலும் ஏக்கருக்குச் சுமார் 4 கிலோ வீதம் தூவி, நஞ்சைப் பெருமளவு குறைத்திருக்கிறார்கள். அதுவும் அந்தந்த நாட்டு மண்ணிலிருந்தே எடுத்த வகைகளைக் கொண்டு. ஆகவே அயல்நாட்டுச் சரக்கை அப்படியே இறக்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை. வேளாண் பல்கலைக்கழகத்தின் விரிஞ்சிபுரம் ஆராய்ச்சி நிலையம் குடியாத்தம், அணைக்கட்டு, கே.வி.குப்பம் வயல்களின் மண்ணிலிருந்து நஞ்சற்ற வகைகளைத் தேடி, விவசாயிகளின் நிலத்திலேயே சோதித்து, பாதுகாப்பு உறுதியான பின் வேளாண் விரிவாக்க மையங்கள் வழியாகத் தர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்யலாம். விதை கிலோவுக்கு 4 கிராம் டிரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து விதைப்பதை எல்லோரும் வழக்கமாக்க வேண்டும். அது முதலில் வேரழுகலுக்கான மருந்துதான் என்றாலும், கெட்ட பூஞ்சைகளோடு மண்ணில் போட்டியிடவும் செய்கிறது. இதைவிட முக்கியமாக ஒன்று. பருப்பு நொறுங்காமல் வர வேண்டுமென்று, உடைப்பதற்கு முன் காய்ந்த காய்களின் மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தை நம் களங்களில் விட்டேயாக வேண்டும். பல நாள் வெயிலில் போட்டு உலர்த்திய காய்க்கு ஒரு குடம் தண்ணீரில் மறுபடி பூஞ்சையைக் கூப்பிடுகிறோம். ஈரமானியை ஒவ்வொரு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும் வைத்து, நன்றாகக் காய்ந்து வந்த மணிலாவுக்குக் கூடுதல் விலை என்று அறிவித்தால், அந்தக் குடம் தானே நின்றுவிடும்.

இப்படிக்கு,
ஒரு மணிலா விவசாயி,
அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்.