கணப்பு அடுப்பு வாங்கப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புது வீட்டில் எல்லோரும் நல்லபடியாகக் குடியேறிவிட்டீர்கள் என்று படித்ததில் மிகுந்த மகிழ்ச்சி. மாடியறையைப் புத்தகங்களுக்கென்றே ஒதுக்கிவிட்டாயாமே, எத்தனை ஆண்டுக் கனவு அது! என் பக்கத்துச் செய்தி ஒன்றுதான். கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மஞ்சள் திரையை விலக்கியதுபோல் உலகமே வெளுத்துத் தெரிகிறது. அடுப்பில் எரியும் தீயின் நிறம்கூட இப்போதுதான் சரியாகத் தெரிகிறது. நன்றாக எரியும் தீ பளிச்சென்ற மஞ்சள். மூச்சுத் திணறும் தீ அழுக்கான ஆரஞ்சு, நுனியில் கரும்புகை சுருளும்.

அதனால்தானோ என்னவோ, கடிதத்தின் கடைசியில் நீ போகிற போக்கில் கேட்ட கேள்வியையே நான் முதலில் பிடித்துக்கொண்டேன். "குளிருக்கு அறையைச் சூடாக்கக் கணப்பு அடுப்பு ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறோம், விறகு மட்டும் எரிப்பதா, நிலக்கரியும் எரிப்பதா, எது நல்லது?" என்று கேட்டிருந்தாய். பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் நான் ஒன்று கேட்க வேண்டும். அம்மாவின் மூச்சு இளைப்பு இப்போது எப்படி இருக்கிறது?

நல்ல அடுப்பு, காய்ந்த விறகு, பழகிய கை, இத்தனையும் இருந்தாலும் விறகுப் புகையில் நுண்துகள்கள் இருக்கத்தான் செய்யும். 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. நுரையீரலின் அடிவரை போகக்கூடியவை. பெரும்பகுதி புகைபோக்கி வழியே வெளியேறினாலும், விறகு போடக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அறைக்குள் வரும். வெளியே போனதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவாசிப்பார்கள். வீட்டில் இளைப்புக்காரர் ஒருவர் இருக்கும்போது மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அடுப்பு வாங்குவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அவர் வேண்டாம் என்றால் அங்கேயே விட்டுவிடு. சுவர்களுக்கும் கூரைக்கும் வெப்பக் காப்பு போட்டு, சன்னல் இடுக்குகளை அடைத்தாலே பாதிக் குளிர் குறைந்துவிடும். நான் அடுப்பை நேசிப்பவன் என்பது உனக்குத் தெரியும். இருந்தும் சொல்கிறேன்.

அவர் சரி என்றால் மேலே படி.

கடைக்குப் போனால் எல்லோரும் அடுப்பைத்தான் பார்க்கிறார்கள். வார்ப்பிரும்பா, எஃகா, கண்ணாடி எவ்வளவு பெரியது, கால்கள் வளைந்திருக்கின்றனவா என்று. என் எண்ணத்தில் அடுப்பு பாதிதான், மறுபாதி புகைபோக்கி. அடுப்புக்குள் காற்றை இழுப்பது அதுதான். குழாயில் இருக்கும் சூடான புகை வெளிக்காற்றைவிட லேசானது. அது மேலே எழும்போது கீழே காற்று குறைகிறது. அந்த இடத்தை நிரப்ப அறைக் காற்று அடுப்புக்குள் பாய்கிறது. குழாய் எவ்வளவு உயரமோ, எவ்வளவு சூடாக இருக்கிறதோ, அவ்வளவு இழுப்பு. அடுப்படியிலிருந்து குழாய் உச்சிவரை சுமார் 4.5 மீட்டராவது வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. வளைவுகள் குறைவாக இருக்கட்டும், இருப்பவையும் 45 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டாம். வீட்டுக்கு உள்ளேயே ஏறிக் கூரையைத் துளைத்துப் போகும் குழாய் சூடாக இருக்கும், நன்றாக இழுக்கும். வெளிச்சுவரில் ஏறும் குழாய் குளிர்ந்து கிடக்கும். அங்கே வைத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு எஃகு அடுக்குகளுக்கு நடுவே வெப்பக் காப்பு நிரப்பிய குழாயைத் தவிர வேறெதற்கும் சம்மதிக்காதே.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1740களில் வடிவமைத்த இரும்பு அடுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். புகையின் வெப்பத்தை வீணாக்கக் கூடாது என்று, அதைக் கீழே இறக்கி, சுற்றிவிட்டு, பிறகு புகைபோக்கிக்கு அனுப்பினார். கருத்து அருமையானது. ஆனால் புகை கீழே இறங்க மறுத்தது. குழாய் சூடாகாதவரை இழுப்பே இல்லை. பின்னால் வந்தவர்கள் அந்தச் சுற்றுப்பாதையை எடுத்துவிட்டு, புகை நேராக மேலேறும்படி மாற்றியமைத்த பிறகுதான் அது வீடுகளில் பரவியது. 1790களில் லண்டனில் ரம்ஃபோர்டு பிரபு என்ற அறிவியலாளர் செய்ததும் இதே வகை வேலைதான். திறந்த கணப்புகளின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகைபோக்கியின் தொண்டையைக் குறுக்கினார். அறைகளில் புகை சூழ்வது நின்றது. பிராங்க்ளின் போன்ற பெரிய மூளைக்காரரையே புகைபோக்கி தடுமாற வைத்திருக்கிறது என்றால், நாம் அதை லேசாக எடுத்துக்கொள்ளலாமா?

உன் வீட்டில் பழைய செங்கல் புகைபோக்கி ஒன்று இருப்பதாக எழுதியிருந்தாய். அதைப் பார்த்து அகமகிழ்ந்துவிடாதே. முதலில் அதைச் சுத்தம் செய்யச் சொல். பறவைக்கூடு இருக்கலாம், உள்பூச்சு உதிர்ந்திருக்கலாம். பிறகு புகை விட்டுச் சோதிக்கச் சொல். அடியில் புகையைக் கிளப்பி உச்சியை மூடினால், செங்கல் இடுக்குகளில் எங்கெல்லாம் கசிகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் உள்ளே எஃகு உறைக்குழாய் ஒன்றை இறக்க வேண்டியிருக்கும். விறகோடு நிலக்கரிக் கட்டிகளையும் எரிக்கப் போகிறாய் என்றால், அமிலத்தைத் தாங்கும் 904 தர எஃகைக் கேட்டு வாங்கு. பழைய புகைபோக்கி அகலமாக இருக்கிறதே, அப்படியே விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. சிறிய அடுப்பின் புகை அந்த அகலத்தில் பரவிக் குளிர்ந்து, சுவரில் தாராகப் படிந்துவிடும்.

அந்தத் தார்தான் எனக்குக் கவலை. புகை சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் கிரியோசோட் என்ற பிசின் குழாயில் படியத் தொடங்குகிறது. முதலில் பஞ்சு போன்ற கரி, பிறகு கண்ணாடிபோல் பளபளக்கும் கறுப்புப் பூச்சு. என்றாவது ஒருநாள் அது தீப்பிடித்தால் குழாயே கொதிக்கும். புகைபோக்கித் தீ என்பார்கள். இரைச்சல் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

இதனால்தான் அகலக்கால் வைக்காதே என்கிறேன். பெரிய அடுப்பு வாங்கினால் அறை கொதித்துவிடும். உடனே காற்றை அடைத்து, விறகைப் புகைய வைப்பீர்கள். தார் படிவதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்? சின்ன அடுப்பு வாங்கிச் சுறுசுறுப்பாக எரிய விடு. அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 14ஆல் வகுத்தால் ஏறத்தாழ எத்தனை கிலோவாட் வேண்டும் என்று தெரியும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் உள்ள அறைக்கு 3.6 கிலோவாட் போதும். காற்றுப் புகும் பழைய அறை என்றால் 10ஆல் வகு, நல்ல வெப்பக் காப்பு உள்ள அறை என்றால் 25ஆல். விற்பவர் 8 கிலோவாட் அடுப்பைக் காட்டி "குளிர் அதிகமானால் உதவும்" என்பார். பணிவாக மறுத்துவிடு.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். விறகுக்கும் நிலக்கரிக்கும் தீயின் குணமே வேறு. காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் சூட்டில் வாயுவாகப் பிரிந்து, கட்டைக்கு மேலே எரிகிறது. ஆகவே அதற்கு மேலிருந்து காற்று வேண்டும், அடியில் மெத்தென்ற சாம்பல் படுக்கை இருந்தால் இன்னும் நல்லது. நிலக்கரியும், புகை குறைவாக வரும்படி செய்த கரிக்கட்டிகளும் தணலாகக் கனன்று எரிபவை. அவற்றுக்கு அடியிலிருந்து காற்று வேண்டும், சாம்பல் சேராமல் உதிர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் விறகோடு நிலக்கரியும் எரிக்கும் அடுப்புகளில் கம்பித் தட்டும், அதை அசைக்கும் கைப்பிடியும், சாம்பல் தட்டும் இருக்கின்றன. இரண்டையும் எரிக்கும் அடுப்பு இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம். விறகு தாராளமாகக் கிடைக்கும், உலர்த்த இடம் இருக்கிறது என்றால் விறகு அடுப்பையே வாங்கு. இரவெல்லாம் தணல் நிற்க வேண்டும், விறகு அடுக்க இடமில்லை என்றால் மற்றதை வாங்கு. ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்த்து எரிக்காதே. விறகின் ஈரமும் நிலக்கரியின் கந்தகமும் சேர்ந்து அமிலமாகி, எஃகுக் குழாயை அரித்துவிடும். பழைய சன்னல் பலகை, சாயம் பூசிய கட்டை, பூச்சிமருந்து ஏற்றிய மரம், கடலில் மிதந்து வந்த கட்டை, இவை எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது. அவற்றின் புகையும் சாம்பலும் நஞ்சு.

உலோகத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. எஃகு சீக்கிரம் சூடேறும், வார்ப்பிரும்பு மெல்லச் சூடேறி மெல்ல ஆறும். கதவு இறுக்கமாக மூடினால் எனக்கு இரண்டும் ஒன்றுதான். கடையிலேயே ஒரு தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார். எளிதாக வந்துவிட்டால் அந்தக் கதவில் காற்றுக் கசிகிறது. வாங்கிய பின்னும் இதே சோதனைதான். காற்றுப் புகாமல் கதவைச் சுற்றி அடைத்திருக்கும் கயிறு தேய்ந்துவிட்டதா என்று அது காட்டிக்கொடுக்கும். புகை அளவையும் விசாரி. ஐரோப்பிய ஒன்றியம் 2022 தொடக்கம் முதல் புது அடுப்புகளுக்குக் கடுமையான வரம்பு வைத்திருக்கிறது. அமெரிக்கா 2020 மே முதல் மணிக்கு 2 கிராம் துகள் என்று வைத்திருக்கிறது. அந்த வரம்புக்குள் வரும் அடுப்பைத் தேடு.

விறகைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. அப்போதுதான் வெட்டிய மரத்தில் பாதி எடை தண்ணீர். அதை அடுப்பில் போட்டால் தீ முதலில் தண்ணீரைக் கொதிக்க வைக்கத்தான் உழைக்கும். ஈரம் 20 விழுக்காட்டுக்குள் இறங்கிய விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 4 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் தரும். பச்சை விறகு அதில் பாதிதான் தரும், மீதிக்குப் புகை தரும். பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்றோட விட்டு, ஓராண்டு இரண்டாண்டு காய வேண்டும். ஓக் போன்ற கெட்டி மரத்துக்கு இரண்டாண்டே குறைவு. ஈரப்பத மானி ஒன்று வாங்கிக்கொள். கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்திப் பார்ப்பதில் பயனில்லை, அது எப்போதும் காய்ந்துதான் இருக்கும். ஒரு கட்டையைப் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில் குத்திப் பார். மானி கையில் இல்லையா? இரண்டு கட்டைகளை மோதிப் பார். காய்ந்தவை 'டங்' என்று ஒலிக்கும், ஈரமானவை 'தொப்'பென்று அடங்கும். காய்ந்த கட்டையின் வெட்டு முனையில் நடுவிலிருந்து வெடிப்புகள் விரிந்திருக்கும், பட்டை கையோடு கழன்று வரும்.

பொருத்தும் வேலையை உரிமம் பெற்ற ஆளிடம் கொடு. உள்ளூர்க் கட்டட விதிகளும் தயாரிப்பாளர் கையேடும் சொல்லும் இடைவெளிகளில் ஒரு விரற்கடைகூடக் குறைக்க விடாதே. வெப்பக் காப்பில்லாத ஒற்றை அடுக்குக் குழாய்க்கும் மரச்சட்டத்துக்கும் இடையே குழாய் விட்டத்தைப்போல் மூன்று மடங்கு இடைவெளி என்பது பல இடங்களில் உள்ள விதி. அடுப்புக்கு முன்னால் தீப்பிடிக்காத தளம் 30 சென்டிமீட்டராவது நீண்டிருக்கட்டும். கதவைத் திறக்கும்போது கங்கு விழுவது அங்கேதான். அப்புறம் சமையலறைப் புகை உறிஞ்சும் விசிறி. நீ வீட்டை நன்றாக அடைத்துவிட்டு அந்த விசிறியைப் போட்டால், அது புகைபோக்கி வழியாகவே காற்றை உள்ளே இழுக்கும். அடுப்பின் புகை அறைக்குத் திரும்பும். ஆகவே வெளியிலிருந்து காற்று நேராக அடுப்புக்கு வரும் குழாய் வைக்க முடியுமா என்று கேள். வேலை முடிந்ததும் எல்லா விசிறிகளையும் ஓடவிட்டு, சன்னல்களைச் சாத்திப் புகைச் சோதனை செய்யச் சொல்.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி அந்த அறையில் இருந்தே ஆக வேண்டும். இதில் எந்தப் பேச்சுக்கும் இடமில்லை. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கும், தூக்கத்தில் வந்தால் தெரியவே தெரியாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே போனால் சரியாகிறது என்றால் உடனே அடுப்பை அணைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். சாம்பலையும் நம்பாதே. ஆறிவிட்டதாகத் தோன்றும் சாம்பலில் கங்கு இரண்டு மூன்று நாள்கூட உயிரோடிருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே, மரத்தளத்தை விட்டு ஒதுக்கி வை.

ஆண்டுக்கு ஒருமுறையாவது புகைபோக்கியைச் சுத்தம் செய்ய ஆளை வரச் சொல். விறகு அதிகம் எரித்தால் இருமுறை. கண்ணாடி கறுத்தால் நனைத்த செய்தித்தாளைச் சாம்பலில் தொட்டுத் தேய்த்துப் பார். கறை அப்படியே வழுக்கிக்கொண்டு வரும். கண்ணாடி அடிக்கடி கறுத்தால் விறகு ஈரம், அல்லது காற்றை அதிகம் அடைக்கிறாய் என்று பொருள்.

தீ மூட்டும் முறை நேரில் காட்டுகிறேன். பெரிய கட்டைகள் அடியில், சுள்ளிகள் மேலே, தீ மேலிருந்து இறங்கட்டும். தலைகீழாகத் தோன்றும், புகை கணிசமாகக் குறையும்.

மருத்துவர் சொன்னதை முதலில் எழுது. அதோடு அறையின் அளவையும், பழைய புகைபோக்கியின் உயரத்தையும், அது உள்சுவரா வெளிச்சுவரா என்பதையும் எழுது. முடிந்தால் ஒரு படம் வரைந்து அனுப்பு. அதுவரை எந்தக் கடையிலும் முன்பணம் கொடுத்துவிடாதே. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்