ஒரே ஓர் அறையைப் புதினாவுக்கு ஒதுக்குங்கள்

குளிர்பதனக் கிடங்கு உரிமையாளர்களுக்கும் மண்டிக்காரர்களுக்கும் வணக்கம்.

உருளைக்கிழங்கு முளைக்காமல் இருக்க நீங்கள் புகையாக அடிக்கும் சி.ஐ.பி.சி. மருந்தைப் பற்றி, சிப்ஸ் கடைக்காரனான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன வாரச் சரக்கில் அதை எப்போது அடித்தார்கள் என்று கேட்டேன். “முளைத்திருக்கிறதா? இல்லையே, பிறகென்ன?” என்று பதில் வந்தது.

மருந்து வேண்டாம் என்றால் 2 முதல் 4 டிகிரிக் குளிரில் வைத்த கிழங்கை எங்கள் தலையில் கட்டிவிடுகிறீர்கள். அந்தக் குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். சீவல் எண்ணெயில் விழுந்ததும் ஓரம் சிவக்கிறது. மொறுமொறுப்பு ஏறுவதற்குள் முழுதும் காப்பிக்கொட்டை நிறமாகிறது. வாயில் போட்டால் கசப்பு. அரித்தெடுத்துக் குப்பையில் கொட்டுகிறோம். சிப்ஸுக்கு 10, 12 டிகிரியில் வைத்த கிழங்குதான் ஆகும். அங்கே முளை வரும், முளைக்கு மருந்து வரும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இந்த மருந்தின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. 2020 அக்டோபர் 8க்குப் பிறகு அங்கே இதை அடிக்க முடியாது. அதற்காக அவர்கள் உருளைக்கிழங்கை விட்டுவிடவில்லை. ஸ்பியர்மின்ட் புதினா எண்ணெயைச் சூடாக்கிக் கிடங்குக்குள் புகையாக அனுப்புகிறார்கள். அதிலுள்ள கார்வோன் என்ற வேதிப்பொருள் முளைக்குருத்தைக் கருக்கிவிடுகிறது. ஆண்டிஸ் மலை விவசாயிகள் முன்யா என்ற புதினா இனத் தழையைக் கிழங்கோடு போட்டுவைப்பதும் இதே வழிதான்.

நாமோ புதினா எண்ணெயை உலகத்துக்கே ஏற்றுமதி செய்கிறோம். புதினாவுக்குப் பேர்போன பாராபங்கியும், கிடங்குகள் மலிந்த ஆக்ராவும் ஒரே மாநிலம், உத்தரப் பிரதேசம். பாராபங்கியில் பெரும்பாலும் மென்தால் புதினாதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் காய்ச்சி வடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஸ்பியர்மின்ட் பெரிய வித்தையா?

விலை கட்டாது, ஆவியாகிவிடும், திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும் என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் ஒரே ஓர் அறை கேட்கிறேன். அதுவும் சி.ஐ.பி.சி. படாத அறையாக இருக்கட்டும். அது சுவரிலும் தரையிலும் ஊறினால் லேசில் போகாது. கூடுதல் செலவைக் கிலோ விலையில் ஏற்றுங்கள், தருகிறோம். காரணமே சொல்லாமல் நீங்கள் ஏற்றியபோதும் கொடுத்தவர்கள்தானே நாங்கள்!

என் சிப்ஸ் பொட்டலத்தில் எண்ணெய், உப்பு, தேதி எல்லாம் அச்சிட வேண்டும், தவறினால் அபராதம். உங்கள் மூட்டையில் எடையைத் தவிர ஓர் எழுத்து கிடையாது. அந்த எடையைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவச் சரக்கு ஏறுவதற்குள் அந்த ஓர் அறையை ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். புதினா எண்ணெய் அடிக்க அனுமதி கேட்டு எந்த அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டுமானாலும் நானும் உடன் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் கிழங்கு வாங்கும் சிப்ஸ் கடைக்காரன்