ஐயா பெயரில் கற்பித்தல் விருது: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

நம் தமிழ்த்துறையிலிருந்து ஓய்வுபெறும் ஐயாவின் பெயரில் ஆண்டுக்கொரு கற்பித்தல் விருது நிறுவ இருக்கிறோம். பெயர் சொல்லாமலே யாரென்று உங்களுக்குத் தெரியும். பாலக்காட்டின் தமிழக எல்லையோர ஊர்களான கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். மலையாளத்தில் 'ஞான் வந்நு, அவள் வந்நு' என்று வினை மாறாமல் நிற்கும். தமிழில் 'வந்தேன், வந்தாள்' என்று விகுதி மாறும். இரண்டையும் பலகையில் அருகருகே எழுதிவிட்டுத்தான் ஐயா நன்னூலைத் திறப்பார். ஆய்வுக் கட்டுரைக்குப் பாராட்டு எங்கும் உண்டு, இப்படியொரு வகுப்புக்குத்தான் அரிது.

வைப்புத்தொகை ரூ.6,00,000. முதலைத் தொடமாட்டோம். ஆண்டு வட்டி 6.5 விழுக்காடு என்றால் ரூ.39,000. அதில் விருதுக்கு 20,000, தேர்வாளர் பயணத்துக்கும் விழாவுக்கும் 7,000. மீதி 12,000 முதலோடு சேரும். வட்டி 5 விழுக்காடாக இறங்கினாலும் 30,000 வரும், விருது நிற்காது. மீதியைச் சேர்ப்பதில் சமரசம் இல்லை. அந்தக் காலத்தில் ரூ.5,000 போட்டு வைத்த பரிசுகளுக்கு இன்று இதே வட்டியில் கிடைப்பது ரூ.325!

அறக்கட்டளைகள் படுக்கும் இன்னொரு இடம் வங்கிக் கணக்கு. தனிநபர் பெயரில் வைத்தால் வாரிசுச் சிக்கல். கையெழுத்திடுபவர் மாற்றலாகியோ மறைந்தோ போக, யாரும் கேட்காமல் 10 ஆண்டு கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். மீட்கலாம், அலைச்சல் அதிகம். ஆகவே கணக்கு பதிவுபெற்ற அமைப்பின் பெயரில். மூவரில் இருவர் கையெழுத்து. ஆண்டுதோறும் ஜூனில் வைப்புச் சீட்டைப் பொதுக்குழுவில் காட்ட வேண்டும்.

விருதுக்கு யாரும் தாமே விண்ணப்பிக்க முடியாது. படிக்கும் மாணவர்களை மட்டும் கேட்டால் தாராளமாக மதிப்பெண் போடுபவர்தான் ஜெயிப்பார். அதனால் படிப்பை முடித்து இரண்டாண்டு ஆனவர்களின் கருத்துக்கே கூடுதல் எடை. வெளியிலிருந்து இருவர் வந்து இரண்டு வகுப்புகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். குழுவினரின் சொந்த கூகுள் பே எண்ணுக்கு வேண்டாம். கணக்கு எண் ரசீதுப் புத்தக அட்டையில் உள்ளது. அனுப்பியதும் பரிவர்த்தனை எண், பெயர், படித்த ஆண்டு, பான் எண் ஆகியவற்றைப் பொருளாளருக்குத் தெரிவியுங்கள். தபாலில் காசோலை அனுப்புவோர் 'சித்தூர், பாலக்காடு' என்றே எழுதுங்கள். ஊர்ப்பெயர் மட்டும் எழுதினால் கடிதம் ஆந்திராவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரும்.

நன்கொடையாளருக்கு வருமான வரிச்சலுகை தரும் 80ஜி பதிவு இன்னும் கைக்கு வரவில்லை. வரிச்சலுகை தேவைப்படுவோர் அதுவரை பொறுங்கள், ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் பதிவு வந்த பிறகும் சலுகை இல்லை. வளைகுடாவில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தரலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் வாங்க அந்நியப் பங்களிப்புச் சட்டப்படி பதிவு வேண்டும். நம்மிடம் அது இல்லை. மன்னிக்கவும்.

ஆறு லட்சம் சேரும்வரை விருது தொடங்காது. வந்த தொகை வைப்பிலேயே இருக்கும். பத்து நாளில் ரசீது வராவிட்டால் பொருளாளரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவர் விருதுக்குழு