சாஷாவின் அப்பாவைத் தேடித் தந்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

அக்கா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டார். இன்னும் உடம்பு தேறவில்லை என்றாலும் கஞ்சி இறங்குகிறது, பேச்சு தெளிவாக இருக்கிறது, மருத்துவரும் இனிப் பயப்பட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதால் அதை மறுபடி எழுத மனம் வரவில்லை. அந்த நாட்களில் அக்கா வாய் திறந்து கேட்ட ஒரே பொருள் சிறுவயதில் அவர் எனக்குப் படித்துக்காட்டிய ஒரு புத்தகம். அதை நீங்கள் தேடிக் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி சொல்லவே இந்த மடல்.

தேடுவதற்கு எங்களிடம் இருந்த துப்பு மிகக் குறைவு. சூரியனைப் போல் அழகான ஒரு பந்து, அதைக் காருக்கு அடியில் எறியும் ஒரு சிறுவன், ஒருநாள் இரவுக் காவலாளியாகவும் இன்னொரு நாள் ஐஸ்கிரீம் விற்பவனாகவும் ஆக வேண்டும் என்று அவன் படும் ஆசை, இவ்வளவுதான் எங்கள் இருவர் நினைவிலும் தங்கியிருந்தவை. எங்கள் வீட்டில் இருந்த பிரதி, எங்கள் கைக்கு வரும்போதே அட்டையையும் முன்பக்கங்களையும் இழந்திருந்ததால், புத்தகத்தின் பெயரையோ எழுதியவரின் பெயரையோ நாங்கள் ஒருபோதும் அறிந்ததில்லை. சோவியத் நாட்டிலிருந்து வந்த புத்தகம் என்பது மட்டும் தெரியும். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும், 1982இல் அதிலிருந்து பிரிந்த ராதுகா பதிப்பகமும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்ப, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாகச் சில ரூபாய் விலையில் நம் ஊர்களுக்கெல்லாம் வந்து சேர்ந்த எத்தனையோ நூல்களில் அதுவும் ஒன்று. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அந்த வரத்து நின்றுபோனது. இருந்த பிரதிகளும் கைமாறிக் கைமாறிக் கிழிந்தன.

நிகலாய் நோசவின் கதையாக இருக்குமோ, அர்க்காதி கைதாரின் கதையாக இருக்குமோ என்று யோசித்து, தங்கள் பரணிலிருந்து புத்தகங்களை இறக்கிப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பியவர்கள், பழைய புத்தகக் கடைகளில் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தவர்கள், பூட்டியிருந்த அலமாரியை எனக்காகத் திறந்துவிட்ட நூலகப் பணியாளர்கள், ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் என்று மாஸ்கோ சென்று தமிழாக்கம் செய்தவர்களின் பெயர்களைச் சொல்லி வழிகாட்டிய பெரியவர்கள் ஆகிய உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தனித்தனியே எழுத முடியாததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் நாகர்கோவில் ஐயா என்றே குறிப்பிடுகிறேன். இளமையில் சோவியத் நூல்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, பள்ளிக்கூட வாசலிலும் திருவிழாக் கடைகளுக்கு நடுவிலும் விற்றவர் அவர். என் எண்ணை யாரிடமோ வாங்கி ஒரு மாலை அழைத்தவர், கதையைச் சொல்லும்படி கேட்கவில்லை. “அந்தப் பையனுக்குப் பேர் உண்டா? அக்காகிட்டக் கேட்டுச் சொல்லுங்க” என்று மட்டும் கேட்டார். அக்காவிடம் கேட்டேன். சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, “பேரே கிடையாது. அப்பான்னுதான் வரும்” என்றார். அதை அப்படியே அவரிடம் சொன்னதும் மறுமுனையில் அவர் வாய்விட்டுச் சிரித்த மகிழ்ச்சி இன்னும் என் காதில் இருக்கிறது. “அப்பா சிறுவனாக இருந்தபோது”, எழுதியவர் அலெக்சாந்தர் ரஸ்கின் என்றார்.

அந்தக் கேள்வியின் அருமை எனக்குப் பிறகுதான் விளங்கியது. சிறுவர் கதை என்றால் நாயகனுக்குப் பெயர் இருக்கும். தேடுபவர்களும் பெயரைத்தான் பிடித்துக்கொண்டு தேடுவார்கள். இந்தப் புத்தகத்தில் சேட்டைகள் அனைத்தையும் செய்யும் அந்தச் சிறுவன் முதலிலிருந்து கடைசிவரை வெறும் “அப்பா”. ரஸ்கினின் மகள் சாஷா அடிக்கடி நோயில் படுப்பாள். காதுவலியால் அவள் துடித்தபோது அவளை ஆறுதல்படுத்த, தாம் சிறுவனாக இருந்த காலத்துக் கதைகளை அவர் சொல்லத் தொடங்கினார். அப்படிப் பிறந்த புத்தகம் இது. முன்பக்கங்கள் இல்லாத பிரதியைப் படித்து வளர்ந்த எங்களுக்கு இந்தச் செய்தி தெரியாது. அக்கா ஏன் அந்த நேரத்தில், அந்த நிலையில் இந்தப் புத்தகத்தைக் கேட்டார் என்பதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் உடல் சிலிர்க்கிறது.

ஐயாவிடம் ஒரே ஒரு பிரதி இருந்தது. அன்றிரவு மதுரைக்குப் புறப்படும் பேருந்தின் ஓட்டுநரிடம் கொடுத்துவிடுவதாகவும், விடியற்காலையில் மாட்டுத்தாவணியில் வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அதுவே பெரிய உதவி. ஆனால் அவர் அதோடு விடவில்லை. “சீக்காளிக்கு ஒரு ராத்திரி ரொம்ப நீளம். போனை அக்கா காதுகிட்ட வையுங்க” என்றார். பிறகு, “கேளு மக்களே” என்று தொடங்கி, முன்னுரையிலிருந்து படிக்க ஆரம்பித்தார். எழுபதைக் கடந்த குரல். இடையிடையே இருமல் வரும், நிறுத்தித் தண்ணீர் குடிப்பார், விட்ட வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடி படிப்பார். பந்து கதை வந்தபோது அடுத்த கட்டிலில் இருந்த ஓர் அம்மா, “தம்பி, கொஞ்சம் சத்தமா வையுங்க” என்றார். அக்கா அழுதுகொண்டே சிரித்ததை வெகுநாளுக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தேன். முகம் தெரியாத ஒருவர் என் அக்காவை அன்றிரவு தூங்க வைத்தார்.

பேருந்தில் வந்த பொட்டலம் பழைய நாட்காட்டித் தாளில் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. கொண்டுவந்த ஓட்டுநர் டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை, அவருக்கும் நன்றி. புத்தகத்தின் முதல் பக்கத்தில், ஐயாவின் மகள் மூன்றாம் வகுப்பில் படித்தபோது பென்சிலால் எழுதிய பெயர் இருக்கிறது. கிழிந்த மூலைகளில் மைதாப் பசை தடவி மெல்லிய தாள் ஒட்டியிருக்கிறார்கள். “அவசரம் இல்லை, ஆனா திரும்ப வரணும், மகள் லீவுக்கு வரும்போது தேடுவா” என்று அவர் சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன். கொடுத்துத் தீர்த்துவிடக்கூடிய பொருளை அவர் அனுப்பவில்லை. தம் வீட்டில் தேடப்படும் பொருளை அனுப்பியிருக்கிறார்.

புத்தகத்தின் கடைசியில் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. நூலின் மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு பற்றிய கருத்துகளை எழுதும்படி கேட்டு, ஸூபவ்ஸ்கி புல்வார், 17, மாஸ்கோ என்று முகவரியும் தந்திருக்கிறார்கள். சிறுவயதில் அக்கா அந்த முகவரிக்குக் கடிதம் எழுத விரும்பியதும், வெளிநாட்டுத் தபால்தலைக்குக் காசில்லாமல் அது நின்றுபோனதும் நினைவுக்கு வந்தது. இன்று எழுதினாலும் அங்கே அதை வாங்கிப் படிக்கத் தமிழ்ப் பிரிவு இல்லை. எங்கோ ஒரு குளிர்நாட்டில் உட்கார்ந்து, மதுரைப் பக்கத்துக் குழந்தைகள் சிரிக்க வேண்டும் என்று சொல் சொல்லாகப் பார்த்துத் தமிழாக்கியவர்களுக்கும், எழுத்துக் கோத்தவர்களுக்கும் சேர வேண்டிய அந்தக் கடிதத்தையும் இந்த மடலிலேயே சேர்த்துக்கொள்ளும்படி அக்கா சொன்னார்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், அட்டையும் தலைப்புப் பக்கமும் இல்லாத சிறுவர் நூல்கள் ஓர் அடுக்கு முழுவதும் கிடக்கின்றன. பெயர் தெரியாததால் அவற்றைப் பதிவேட்டில் சேர்க்காமல் வைத்திருக்கிறார்கள். நூலகரிடம் பேசி அனுமதி பெற்றுவிட்டேன். இனி ஞாயிறுதோறும் சென்று, கடைசிப் பக்கத்து ரஷ்ய எழுத்துகளைக் கொண்டோ, கதையை வைத்தோ, உங்களைப் போன்றவர்களிடம் கேட்டோ ஒவ்வொன்றின் பெயரையும் கண்டுபிடித்து, எழுதியவர் பெயரோடு தமிழாக்கியவர் பெயரையும் உள்ளே எழுதி ஒட்டப் போகிறேன். எழுந்து நடமாடத் தொடங்கியதும் அக்காவும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்போது மறுபடியும் உங்களை எல்லாம் தொந்தரவு செய்வோம்.

ஐயா, பள்ளி விடுமுறை தொடங்கும் முன் நானே நாகர்கோவிலுக்கு வந்து புத்தகத்தை உங்கள் கையில் ஒப்படைக்கிறேன். மருத்துவர் சம்மதித்தால் அக்காவும் வருவார்.

நன்றியுடன்,
அக்காவின் தம்பி
மதுரை