விறகு அடுக்கில் ஒரு குளவி

கிளிநொச்சி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பதில் பிந்தியதற்கு மழைதான் சாட்டு. இரணைமடுக் குளத்தில் வான்கதவு திறந்துவிட்டார்கள். எங்கள் மலசலகூடக் குழிக்குள்ளும் வெள்ளம் போக, உள்ளே கிடந்த சிவத்தக் கரப்பொத்தான்கள் எல்லாம் குசினிக்கு வந்துவிட்டன. "இடம்பெயர்ந்து வந்த சனம், நாங்களே துரத்தலாமோ?" என்று மனிசி பகிடி விடுகிறாள்.

துரத்தத்தான் வேண்டும். குழியில் நடந்த காலோடு சோற்றுப்பானையில் ஏறுகின்றன. எச்சமும் கழற்றிய தோலும் தூசாகிக் காற்றில் கலந்தால் மூச்சு முட்டுக்காரருக்குக் கூடாது, மகளுக்கு ஏற்கெனவே முட்டு. கடையில் மருந்து வாங்கி அடித்தேன். நாலு நாள் அமைதி, அப்புறம் குஞ்சுகள். ஒரு முட்டைக்கூட்டில் 15 முட்டையளவில் இருக்கும், அந்த ஓட்டுக்குள் மருந்து போகாது. சுவர்ப் பல்லிகளைத்தான் இப்போது காணவில்லை.

கரப்பொத்தான் சாப்பாடு இல்லாமல் ஒரு மாதம் கிடக்கும், தண்ணீர் இல்லாமல் அவ்வளவு தாங்காது. அதனால் இரவில் குசினியில் ஈரம் வைப்பதில்லை.

சரி, சொல்ல வந்தது வேறு. ஞாயிறு வெயில் எறிக்க, விறகு எடுக்கப் போனேன். மயில் கழுத்துப்போல மினுங்கும் ஒரு குளவி, தன்னைவிடப் பெரிய கரப்பொத்தானை மீசையில் கவ்விக் கூட்டிப்போகிறது. மூக்கணாங்கயிற்றுக்குப் பின்னால் மாடு போவதுபோல அதுவும் தன் காலாலேயே நடக்கிறது! முதல் கொட்டு நெஞ்சில், அடுத்தது மூளையில். நடக்க முடியும், தப்பி ஓடத்தான் தோன்றாது. குளவி அதைப் பொந்தில் விட்டு, அதன் காலில் ஒரு முட்டை ஒட்டி, வாசலைக் கல்லால் அடைத்துவிடும். புழு வளர்வது அந்த உயிருள்ள இறைச்சியில். பார்த்துக் குந்தியிருந்ததில் தேத்தண்ணீர் ஆறிப்போனது.

உலகத்தில் கரப்பொத்தான் இனம் 4,500க்கு மேல். வீட்டை நாடுவது 30 அளவில்தான். மற்றவற்றில் கனக்க, காட்டில் பாலை, வீரை மரங்களுக்குக் கீழே சருகையும் உக்கிய மரத்தையும் தின்று மண்ணாக்குபவை. கோழியும் செம்பகமும் சருகைக் கிளறுவது சும்மா இல்லை. வேலிக் கதியாலை அரிக்கிற கறையானும் இந்தப் பரம்பரைதான்.

உன் வெளிநாட்டு மாடிவீட்டுச் சின்ன மண்ணிறக் கரப்பொத்தானுக்கு ஜெர்மன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2024இல் மரபணு பார்த்ததில், அது சுமார் 2,100 வருடத்துக்கு முன் தெற்காசியப் பக்கம் பிரிந்த இனமாம். உனக்கு முதலே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது!

சித்திரைக்கு வருவாய்தானே? அதுவரை அந்த விறகு அடுக்கைக் கலைக்கமாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்