கையெழுத்துப் போடுவதற்கு முன்

ரோஸ்ஹில், மொரிஷியஸ்,
செவ்வாய் இரவு

அன்புள்ள தோழி,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. உன் வீட்டுக்காரரின் கருமாதிக்கு வந்துவிட்டுப் போனவள், மெட்ரோவில் ஏறினால் அரை மணியில் போர்ட் லூயிஸ் வந்துவிடலாம் என்று தெரிந்தும் இரண்டு மாதமாக உன் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தொலைபேசியை எடுத்தால் எனக்கு அழுகை முந்திக்கொள்கிறது. அதனால்தான் பழைய வழக்கப்படி கடிதம். பொட்டுக்கார டீச்சர் போலச் சிவப்பு மையோடு உட்கார்ந்து ஒற்றுப்பிழை தேடாமல் முழுதும் படி.

அம்மா நலம். காவடிக்குப் படைத்த ஏழு கறியில் நான்கை அவரே சமைத்தார். மகள் ரெதுய் பல்கலைக்கழகத்தில் மேலாண்மை படிக்கிறாள். தேர்வு வந்தால் பாடத்தை எனக்குத் தமிழில் சொல்லிப் பார்ப்பாள். சென்ற மாதம் ஒரு நாள் இரவு, நான் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது லில்லியன் கில்பிரெத் என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

1878இல் பிறந்தவர். கணவர் ஃபிராங்க், கொத்து வேலையில் தொடங்கிக் கட்டட ஒப்பந்தக்காரர் ஆனவர். ஒரு செங்கல்லை எடுத்து வைக்கப் பதினெட்டு அசைவுகள் ஆனதை ஐந்தாகக் குறைத்தாராம். கல்லை இடுப்பு உயரத்தில் அடுக்கிவிட்டால் கொத்தனார் குனிய வேண்டாமே! லில்லியன் உளவியல் படித்தவர். உழைப்பவர் எதனால் களைக்கிறார், எப்போது ஓய்வு தர வேண்டும், அவரிடம் யோசனை கேட்டால் வேலை எப்படி மாறுகிறது என்பவை அவருடைய கேள்விகள். இருவரும் சேர்ந்து நிறுவனம் நடத்தித் தொழிற்சாலைகளுக்கு ஆலோசனை சொன்னார்கள். 1914இல் அவருடைய நூல் வந்தபோது, எழுதியவர் பெண் என்று தெரியக்கூடாதென்று பதிப்பாளர் பெயரை முதலெழுத்துகளாகச் சுருக்கிவிட்டார். மறு ஆண்டே டாக்டர் பட்டம், வீடு நிறையப் பிள்ளைகளோடு.

மறுநாள் தையற்கூடத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் இருக்கும் ஓவர்லாக் அக்கா, உனக்குப் பிலிம்பி ஊறுகாய் தருவாரே, அவர் வெட்டிய துணியைத் தரையில் இருந்த கூடையிலிருந்து எடுக்க ஒரு மணி நேரத்தில் 62 முறை குனிந்தார். எண்ணினேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கூடையை அங்கே வைத்தவள் நான். மாலையில் அவர் இடுப்பில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாடையும் கூடத்தில் ஒரு வாடை என்றுதான் இருந்துவிட்டேன். பழைய மரப்பெட்டியைக் கவிழ்த்துக் கூடையை ஏற்றினோம். எந்தப் பக்கம் வைக்கலாம் என்று அவரையே கேட்டேன். "இடப்பக்கம் வை. துணியை இடக்கையால் எடுத்தால் வலக்கை ஊசிப் பக்கமே இருக்கும்" என்றார், யோசிக்காமல். அத்தனை ஆண்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் கேட்கவே இல்லை.

கூடைக் கதை இருக்கட்டும். என்னைத் தூங்கவிடாதது அடுத்து மகள் சொன்னதுதான். 1924 ஜூனில் ஃபிராங்க் ரயில் நிலையத்திலிருந்து மனைவியோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் இறந்துபோனார். லில்லியனுக்கு வயது 46. பதினொரு பிள்ளைகள். சில நாட்களில் கப்பலேறி, லண்டனிலும் பிராகிலும் கணவர் பேச வேண்டியிருந்த மாநாடுகளில் அவர் பேசினார். ஊர் திரும்பினால், கணவரை நம்பி வேலை கொடுத்த நிறுவனங்கள் சில, பெண்ணோடு ஒப்பந்தம் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டன. அத்தனை ஆண்டும் சேர்ந்து உழைத்தவர் அவர் இல்லையா! வீட்டிலேயே பயிற்சி வகுப்பு தொடங்கினார். சமையலறையை ஆராய்ச்சிக்கு எடுத்தார். சாமான்களையும் மேசையையும் இடம் மாற்றி, ஒரு கேக் செய்ய 281 காலடி நடந்த இடத்தில் 45 போதும் என்று காட்டினார். 1935இல் பர்டியூ பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியர் ஆக்கியது.

இப்போது உன் அச்சகத்துக்கு வருகிறேன். கொழுந்தன் விலை பேசிவிட்டார், நீயும் சரி என்றுவிட்டாய் என்று குடைக்கார மாமா சொன்னார். "எனக்கு என்ன தெரியும்" என்றாயாமே. கேட்டதும் எனக்கு ஆத்திரம் வந்தது. பத்தொன்பது ஆண்டுகளாக மெய்ப்புப் பார்த்தது யார்? கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் தவறாக விழுந்த அன்று, விடிய விடிய நின்று முந்நூறு பத்திரிகையையும் மறுபடி அச்சிட்டது யார்? காகிதக் கடையில் பாக்கி எவ்வளவு, எந்தக் கோயிலின் ரசீதுப் புத்தகத்துக்கு இன்னும் பணம் வரவில்லை என்று கொழுந்தனைக் கேட்டுப் பார். அண்ணனே உன்னைக் கேட்டுத்தானே பதில் சொல்வார்! பலகையில் மட்டும் 'சகோதரர்கள்'.

உன்னைக் கப்பலேறச் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு வீட்டு வேலைக்கு ஆள் இருந்தார்கள், உனக்கு நீதான். துக்கத்தில் இருப்பவளிடம் இதைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் தயங்கினேன். ஆறு மாதம் அழுதுவிட்டு வந்தாலும் அச்சகம் அங்கே இருக்கும், நீ கையெழுத்துப் போடாத வரை. அதன்பிறகும் விற்கத் தோன்றினால் விற்றுவிடு. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

ஞாயிறு காலை வருகிறேன். கணக்குப் புத்தகங்களை மேசைமேல் எடுத்து வை. பங்குப் பத்திரம் இருந்தால் அதையும். அதுவரை கொழுந்தன் நீட்டும் எந்தத் தாளையும் வாங்கி வைத்துக்கொள், பேனாவைத் தொடாதே. ஓவர்லாக் அக்கா உனக்கென்று ஒரு புட்டி ஊறுகாய் கொடுத்திருக்கிறார். சோறு மட்டும் வடித்து வை.

உன்,
ரோஸ்ஹில்காரி