கொஞ்சம் பசிக்கட்டும் விடு

பாலக்கோடு,
தை மாதம்.

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. வெள்ளையடிப்பு, மாட்டுக்குப் புதுக்கயிறு, மாமியாருக்கு மூட்டுவலி என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டதால் இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. இங்கே எல்லோரும் நலம். தக்காளி விலைதான் காலை வாரிவிட்டது. மண்டிக்குக் கொண்டுபோனது வண்டி வாடகைக்குக்கூடத் தேறவில்லை என்று இவர் யாரோடும் பேசாமல் திரிந்தார். அப்புறம் அவரைக்காய் நல்ல விலைக்குப் போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

உன் கடிதத்தில் பாதிக்கு மேல் பையன் சாப்பிடாத கதைதான். சத்துமாவு பக்குவம் எழுதி அனுப்பு என்று கேட்டிருக்கிறாய், எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று. அவன் நாள் முழுக்க என்னென்ன உள்ளே தள்ளுகிறான் என்று நீயே எழுதியிருக்கிறாய், திரும்பப் படித்துப் பார்த்தேன். எழுந்ததும் பாட்டிலில் பால். பத்து மணிக்கு மால்ட் பவுடர் கலந்து இன்னொரு பால். மத்தியானம் சோற்றைத் துப்பிவிட்டான், பாவம் என்று மறுபடி பால். சாயங்காலம் பிஸ்கட், இல்லாவிட்டால் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் அஞ்சு ரூபாய் பாக்கெட். ராத்திரி தூங்கவைக்க ஒரு பாட்டில். ஏண்டி, இத்தனைக்கும் மேலே அந்தச் சின்ன வயிற்றில் சோறு எங்கே போய் உட்காரும்? அவனுக்குப் பசி என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது.

இங்கே எங்கள் குழந்தை டாக்டர் இதில் கறார். ரெண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் கூடாது என்பார். பாலில் சுண்ணாம்புச்சத்து உண்டு, இரும்புச்சத்து பேருக்குத்தான். பாலிலேயே வயிறு நிறைகிற பிள்ளைக்கு ரத்தம் குறையும், வெளுத்துப்போகும், அதனாலேயே பசியும் மந்தமாகும். பாட்டிலை நிறுத்திவிட்டு டம்ளரில் கொடு. பாதி பால் தானாகக் குறைந்துவிடும்.

இன்னொன்றும் அவர்தான் சொன்னார். பிறந்தபோது இருந்த எடை முதல் வருடத்தில் மூன்று மடங்காகிறது. இரண்டாவது வருடத்தில் ஏறுவது ரெண்டு, ரெண்டரை கிலோதான். வளர்த்தி மட்டுப்படும்போது பசியும் மட்டுப்படும். அது தெரியாமல், போன வருஷம் கிண்ணம் நிறையச் சாப்பிட்டவன் இப்போது நாலு வாயோடு எழுந்துவிடுகிறானே என்று நாம் பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறோம். எடை அட்டையில் கோடு மேலே போய்க்கொண்டிருந்தால் நாலு வாயே போதும்.

அந்த மால்ட் பவுடரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டப்பாவைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார். 2024-இல் மத்திய அரசே ஆன்லைன் கடைகளிடம் இதையெல்லாம் ஹெல்த் டிரிங்க் என்ற தலைப்பில் விற்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. உன் மாமியார் வருத்தப்படுவார், படட்டும்.

எங்கள் வீட்டில் என்ன செய்கிறேன் என்று கேட்டாய். பெருசாக ஒன்றும் இல்லை. ராத்திரி எல்லோரும் ஒன்றாகத் தரையில் உட்காருவோம். பிள்ளைகளுக்கென்று தனிச் சமையல் கிடையாது, காரம் மட்டும் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் எடுத்து வைத்துவிடுவேன். என்ன போடுவது, எப்போது போடுவது என்பது என் பாடு. எவ்வளவு தின்பது என்பது அவர்கள் பாடு. வேண்டாம் என்றால் தட்டை எடுத்துவிடுவேன். அதற்குப் பதிலாகப் பிஸ்கட் வராது. சின்னவன் ஆரம்பத்தில் வீட்டையே ரெண்டாக்கினான், மாமியார் என்னை ராட்சசி மாதிரி பார்த்தார். இப்போது விளக்கு வைத்ததும் அவனே தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறான்.

பனிக்காலம் என்பதால் வாரத்தில் பாதி நாள் கேழ்வரகுக் களிதான், கூடவே பிதுக்கம்பருப்புக் குழம்பு. உனக்கு ஞாபகம் இருக்கும். பச்சை மொச்சையை உரித்து ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவேன். ஓரத்தில் விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் தோல் இந்தப் பக்கம், பருப்பு அந்தப் பக்கம். பெரியவள் கிண்ணத்துக்குள் குறி பார்த்துப் பிதுக்குவாள். சின்னவன் பிதுக்கினால் சுவரில் பாதி, பூனை மேல் பாதி. தான் பிதுக்கிய பருப்பு குழம்பில் இருக்கிறது என்பதற்காகவே ரெண்டு வாய் கூடுதலாக உள்ளே போகிறது. அவனுக்குக் களியைக் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, நெய் தொட்டு, குழம்பில் புரட்டிக் கொடுப்பேன். அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விடும். கை ரெண்டும் களியாக இருக்கும்போது போனைத் தொடவும் முடியாது.

கேழ்வரகில் நூறு கிராமுக்கு 360 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. பாலில் அதே நூறு கிராமுக்கு 120தான். பிள்ளை ஒரு வேளையில் நூறு கிராம் மாவு தின்னாது என்பதும் உண்மை. அதனால் கேழ்வரகு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று வீடியோவில் கூவுகிறவர்களை நம்பாதே. முட்டை, கீரை, பருப்பு எல்லாமும் வேண்டும். 2023-இல் இங்கே தர்மபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷனில் ரெண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக ரெண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். நம் ஊர்க்காரர்களுக்கே கேழ்வரகை ரேஷனில் கொடுத்துப் பழக்கவேண்டிய காலம் வந்துவிட்டது, பார்!

டீயையும் பொறையையும் பற்றி உன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல். இங்கே டீக்கடையில் தாத்தா மடியில் உட்கார்ந்து, பொறையை நனைத்துத் தின்கிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். சாப்பாட்டோடு டீ உள்ளே போனால் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. அதற்கு நேர்மாறாக, முருங்கைக்கீரைப் பொரியல் மேல் ஒரு எலுமிச்சை மூடியைப் பிழிந்தால் நன்றாகச் சேரும்.

தண்ணீர் விஷயமும் இருக்கிறது. நம் வகுப்பில் எத்தனை பேருக்குப் பல்லில் பழுப்புக் கோடு இருந்தது! நம் ஊர்க் கிணற்று நீரிலும் போர் தண்ணீரிலும் ஃபுளோரைடு கூடுதல். நமக்கெல்லாம் பால் பல் விழுந்து புதுப்பல் வரும்போதே அந்தக் கோடும் சேர்ந்து வந்தது. பல் ஈறுக்குள்ளே உருவாகிற வயதில்தான் இது பாதிக்கும், முளைத்த பிறகு துலக்கினால் போகாது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்ததிலிருந்து குடிக்க, சமைக்க அதுதான். தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கிறேன் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது அடர்த்தியாகும். நீ ஏப்ரலில் உன் அம்மா வீட்டுக்கு வரும்போது அந்தத் தோட்டத்து போர் தண்ணீரில் பையனுக்குக் கஞ்சி வைக்காதே, அதற்குத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

சரி, சத்துமாவு. கேழ்வரகு ஒரு கிலோ, கல் அரித்துக் கழுவி, ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டிவிடு. மறுநாளோ அதற்கு மறுநாளோ வெள்ளையாக முளை எட்டிப்பார்க்கும். நிழலில் உலர்த்தி, வாசம் வரும்வரை லேசாக வறு. பாசிப்பயறு கால் கிலோ, பொட்டுக்கடலை கால் கிலோ, தோல் நீக்கிய வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, ரெண்டு ஏலக்காய். இவ்வளவுதான். இருபது தானியம், முப்பது தானியம் என்று சேர்க்கிற போட்டியில் நீ சேராதே. கடலை சேர்ந்த மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அதனால் ஒரு மாதத்துக்கு ஆகிற அளவுதான் அரைக்க வேண்டும். கஞ்சிக்கு வெல்லம் துளி போதும், மசித்த வாழைப்பழம் இருந்தால் அதுவும் வேண்டாம். முழு நிலக்கடலையை மட்டும் அவன் கையில் கொடுத்துவிடாதே. தொண்டையில் புரையேறினால் எடுப்பது பெரும்பாடு. சின்னவனுக்கு நான் இன்னும் பொடித்துத்தான் கொடுக்கிறேன்.

பெரியவள் ரெண்டாம் வகுப்பு. காலையில் பள்ளியிலேயே உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று ஏதாவது ஒன்று சாம்பாரோடு போடுகிறார்கள். வீட்டில் உப்புமா என்றால் மூஞ்சியைச் சுளிப்பவள் அங்கே வரிசையில் உட்கார்ந்து தட்டைத் துடைத்துவிடுகிறாளாம். சின்னவன் அங்கன்வாடியில் முட்டை போடுகிற நாளுக்காகக் காத்திருக்கிறான். உன் பையனையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு உட்காரவைத்துப் பார்.

உன் அம்மாவைப் போன வாரம் சந்தையில் பார்த்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு நன்றாக இருக்கிறார், என்னைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டார். அடுத்த வாரம் மில்லுக்குப் போகும்போது உனக்கும் சேர்த்து அரைத்துப் பார்சல் போடுகிறேன். வீடு மாறப்போவதாக எழுதியிருந்தாய். மாறியாயிற்றா? புது விலாசத்தை உடனே அனுப்பு.

அன்புடன்,
மலர்